உறைபனியை வென்ற காற்றுக் குமிழிகள்

கண்ணாடிப் புட்டியில் நீரை முழுவதும் நிரப்பி, இறுக மூடி, உறைய வைத்தால் என்ன ஆகும்? புட்டி உடைந்துவிடும். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுவதே காரணம். குளிர்நாடுகளின் கான்கிரீட் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

கான்கிரீட் பார்வைக்குக் கல்லைப் போலிருந்தாலும் அதனுள் நுண்துளைகள் ஏராளம். அவற்றில் புகுந்த நீர் உறைகிறது, உருகுகிறது, மீண்டும் உறைகிறது. சிறு விரிசல்கள் பெருகி, நாளடைவில் மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்கிறது. பனியை உருக்கத் தூவும் உப்பு இச்சிதைவை விரைவுபடுத்துகிறது.

1930-களில் அமெரிக்கப் பொறியாளர்கள் ஒரு புதிரைக் கண்டனர். வடகிழக்கு மாநிலங்களில் ஒரே குளிருக்கு ஆளான சாலைகளுள் சில மட்டும் சிதையாமல் நின்றன. அவற்றுக்குப் பயன்பட்ட சிமெண்டை அரைக்கும்போது, வேலை எளிதாக மாட்டுக் கொழுப்பு போன்ற பொருள்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அவையே கலவையில் சோப்பு நுரை போல நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்தன!

குமிழிகள் கான்கிரீட்டின் வலிமையைச் சற்றுக் குறைக்கவே செய்யும். பின் அது குளிரைத் தாங்கியது எப்படி? 1945-இல் டி. சி. பவர்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு விளக்கம் தந்தார். துளைக்குள் பனிக்கட்டி உருவாகும்போது, இன்னும் உறையாத நீர் நெருக்கித் தள்ளப்படுகிறது. ஒதுங்க இடமில்லையேல் அழுத்தம் ஏறித் துளையின் சுவர் பிளக்கும். அருகில் வெற்றுக் குமிழி இருந்தால் நீர் அதனுள் சென்றுவிடும். இவ்விளக்கம் பின்னர்த் திருத்தங்கள் பெற்றது. ஆயினும் சிமெண்டுப் பசையின் எந்தப் புள்ளிக்கும் சுமார் கால் மில்லிமீட்டருக்குள் ஒரு குமிழி வேண்டும் என்ற கருத்து நிலைத்தது.

1963-இல் ரோமுவால்டி, பாட்சன் என்னும் இருவர், நெருக்கமாக அமைந்த எஃகுக் கம்பிகள் கான்கிரீட்டில் விரிசல் பரவுவதைத் தடுப்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். இழை கலந்த கான்கிரீட் இதன்பின் வேகமாக வளர்ந்தது. அப்படியானால் இனிக் குமிழிகள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.

இங்கேதான் கவனம் தேவை. இழைகள் விரிசலைத் தைத்துப் பிடிக்கும்; உடைந்த துண்டுகள் சிதறாமல் காக்கும். ஆனால் உறையும் நீரின் அழுத்தத்தை அவை தணிப்பதில்லை. குமிழியில்லாக் கலவை, இழையிருந்தும் உறைபனியில் உள்ளூரச் சிதையும். ஆகவே, நீர் ஊறி உறையக்கூடிய இடங்களில் இழைக் கான்கிரீட்டுடனும் காற்றைச் சேர்க்கிறார்கள்.

பனியை எதிர்க்க வலிமை மட்டும் போதாது. விரியும் நீருக்குச் சிறிது இடமும் விடவேண்டும். தற்செயலாகக் கிடைத்த இப்பாடத்தை இழைகள் வந்த பின்னும் மாற்ற முடியவில்லை.