ஹாரிசன் கைக்கு அந்த கிட்டார் வந்தது எப்போது?

வரலாற்று வகுப்பில் நான் அடிக்கடி சொல்வேன்: பொருளைச் செய்த நாள் வேறு, அது ஒருவர் கைக்கு வந்த நாள் வேறு. பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனின் 12 கம்பி ரிக்கன்பேக்கர் எலெக்ட்ரிக் கிட்டாரையே பாருங்கள். அதன் வரிசை எண்ணில் உள்ள எழுத்துகள் குறிப்பது 1963 டிசம்பர். பலர் அதோடு நின்றுவிடுவார்கள்.

நிறுவனத் தலைவர் பிரான்சிஸ் ஹால் அதை நியூயார்க்கில் பீட்டில்ஸிடம் காட்டியது 1964 பிப்ரவரி 8இல். தொண்டை வலியால் ஓட்டல் அறையில் படுத்திருந்த ஹாரிசனிடம் அன்றே கொண்டுபோனார்கள். மறுநாள் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர் வாசித்தது வழக்கமான கிரெட்ஷ்தான். பிப்ரவரி 25, தம் 21ஆவது பிறந்தநாளன்று, லண்டன் ஒலிப்பதிவில் புதியதை வாசித்தார்.

எண் சொல்வது கருவியின் பிறப்பை மட்டுமே. அது யாருடையது ஆனது என்பதை மனிதர்களின் நடமாட்டத்தில்தான் தேட வேண்டும்.