கிழிசலும் வலியும்: நடுவயது முழங்கால் குறித்த ஒரு மறுபரிசீலனை

நடுவயதில் முழங்கால் வலியோடு வருபவரின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மெனிஸ்கஸ் (மூட்டின் இடையிலுள்ள குருத்தெலும்புத் தகடு) கிழிசல் இடம்பெறுவது அரிதல்ல. வீட்டுக்குப் போய் ‘ஜவ்வு கிழிந்துவிட்டதாம்’ என்கிறார் அவர். கிழிந்ததை வெட்டிச் சீராக்கிவிடலாம் என்பது அடுத்த பேச்சு. வலிக்கும் அந்தக் கிழிசலுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி இடையில் நழுவிவிடுகிறது. அடிபட்டுக் கிழிந்ததல்ல, வயதோடு நைந்து கிழிந்தது என்றால் அத்தொடர்பு மிகப் பலவீனமானது; ஆகவே சிகிச்சை முதலில் தொடைத்தசையைத்தான் கவனிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. வலிக்காக மருத்துவரிடம் வந்தவர்களல்ல அவர்கள், ஊர்மக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். கிழிசல் காணப்பட்டவர்களில் 61 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் வலியோ இறுக்கமோ இருக்கவில்லை.

‘வெட்டினால் குணமாகிறதே’ என்று அறுவை மருத்துவர் கேட்பது நியாயம். அதைச் சோதிக்க ஹூஸ்டன் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மோஸ்லியும் சகாக்களும், தேய்மான மூட்டுவாதம் உள்ள 180 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போடப்பட்டது. மூட்டுக்குள் கருவி நுழையவே இல்லை. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, உண்மையான அறுவை பெற்றவர்கள் இவர்களைவிட நலமாக இருக்கவில்லை. 2002இல் வெளியான இம்முடிவுக்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது: அறுவை செய்தவர் ஒரே மருத்துவர், பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், மூட்டோ ஏற்கெனவே தேய்ந்தது. இவற்றில் பொருள் உண்டு. ஆனால் 2013இல் வந்த பின்லாந்து ஆய்வுக்கு இந்த எதிர்வாதங்கள் செல்லா. ஐந்து மருத்துவமனைகள், 35 முதல் 65 வயது வரையிலான 146 பேர், மூட்டுத் தேய்மானம் கிடையாது, நைந்த கிழிசல் மட்டுமே. அறுவையால் யாரேனும் பயன்பெற வேண்டுமென்றால் இவர்கள்தான் பெற்றிருக்க வேண்டும். இம்முறை எல்லோருக்கும் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். ஒரு பாதியினருக்கு மட்டும் எதையும் வெட்டவில்லை. ஓராண்டு முடிவில் இரு தரப்பினருக்கும் வலி நன்றாகக் குறைந்திருந்தது. இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவைக்குப்பின் தேறினேன் என்று நோயாளி சொல்வது பொய்யல்ல. வெட்டாமல் விடப்பட்டவரும் அதே அளவு தேறினார் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான்.

இனித் தொடைத்தசைக்கு வருவோம். எந்தக் குறையும் இல்லாத முழங்காலுக்குள் உப்புநீரைச் செலுத்திய சோதனைகளில், வலி இல்லாதபோதும் முன்தொடைத் தசை தளர்ந்தது. 1984இல் வெளியான ஒரு சோதனையில், அத்தசையின் உள்பக்கப் பகுதியை அடக்க 20 முதல் 30 மில்லிலிட்டரே போதுமானதாக இருந்தது. மூட்டுறை விரியும்போது அதிலுள்ள நரம்புகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, தசைக்கு இறங்கும் கட்டளை அங்கேயே குறைந்துவிடுகிறது. ஆக, வீங்கிய காலை முழுதாக நீட்ட முடியாதவரிடம் ‘மனசு வைத்து நீட்டுங்கள்’ என்று அதட்டிப் பயனில்லை. தளர்ந்த தசையால் படி இறங்கும்போது ஏற்படும் அதிர்வைத் தாங்க முடியாது. அந்தச் சுமை மூட்டின்மேல் விழுகிறது. வீக்கம் தணியாமல் நீடிக்கிறது. ‘கால் திடீரென்று மடங்கிக்கொள்கிறது’ என்று பலர் சொல்வதற்கு, மூட்டு நழுவாவிட்டாலும், இத்தளர்ச்சியே காரணமாகலாம். மாதக்கணக்கில் ஓய்வெடுத்தால் தசை இன்னும் மெலியும்.

எனவே முதல் வேலை வீக்கத்தை வற்றவைப்பது. கூடவே, படுத்தபடி முழங்காலுக்கடியில் சுருட்டி வைத்த துண்டைக் கீழ்நோக்கி அழுத்தும் பயிற்சியைத் தொடங்கலாம். பிறகு கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுதல், தாழ்ந்த படியில் மெல்ல ஏறி இறங்குதல், கடைசியில் எடை சேர்த்தல். பயிற்சியின்போது இலேசாக வலித்தால் நிறுத்த வேண்டியதில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பாவிட்டாலோ வீக்கம் கூடினாலோ சுமையைக் குறைக்க வேண்டும். பலன் தெரியக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். நகலெடுத்த ஒரு தாளைக் கையில் திணித்து அனுப்புவதைப் பயிற்சி சிகிச்சை என்று நான் கருதுவதில்லை. அதைச் செய்துபார்த்துப் பலிக்கவில்லை என்பவர் உண்மையில் சிகிச்சை பெறவே இல்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு, 351 பேரைக் கொண்ட ஓர் அமெரிக்க ஆய்வில் இருக்கிறது. பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் அறுவைக்கு மாறினார்கள். பயிற்சி எல்லோருக்கும் போதாது என்பதை இதற்குமேல் மறைக்க இயலாது. ஆனால் இது பயிற்சிக்குப் பின் அறுவை என்ற வரிசைக்குத்தான் ஆதரவு; அறுவையை முதலில் வைக்க இதில் சான்றில்லை.

வாதத்தின் எல்லையும் தெளிவாக இருக்கட்டும். மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்ட மூட்டு, இளவயதில் அடிபட்டு ஏற்பட்ட பெரிய கிழிசல், காய்ச்சலோடு சிவந்து சுடும் முழங்கால் ஆகியவை இதில் சேரா; கடைசியாகச் சொன்னதற்கு அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். விளையாட்டில் அறுபடும் ஏ.சி.எல். எனப்படும் முழங்காலின் முன்சிலுவைத் தசைநாரின் கதையும் வேறு. ஆயினும் சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், முதலில் பயிற்சியை மேற்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்தாண்டுவரை அறுவையின்றியே இருந்தனர். அறுவை செய்துகொண்டவர்களுக்கும் அவசரம் ஆபத்து: 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒன்பதாம் மாதம்வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. களம் திரும்புமுன் இரு தொடைகளின் வலிமையும் சமநிலையை நெருங்கியிருந்தவர்களிடமும் மறுகாயம் குறைவாகவே காணப்பட்டது.