ஆராய்ச்சிக்கூட வாயிலும் நம் சமுதாயமும்

நம் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் ஏற வேண்டிய அடுத்த படியைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமாகும். அறிவியலிலும் பொறியியலிலும் முனைவர் பட்டத்தோடு ஆராய்ச்சிப் பயிற்சி முடிந்துவிடுவதில்லை. அதன்பின் ஓரிரண்டு ஆண்டுகள் வேறோர் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் மேலாராய்ச்சி செய்தவர்களையே பெரிய கல்வி நிலையங்கள் பெரும்பாலும் நாடுகின்றன. அவ்விடத்தைத் திறமை ஒன்றே பெற்றுத் தந்துவிடுமா? வரலாறு வேறு விடை கூறுகிறது.

கொருக்குப்பேட்டைக்கு அணித்தேயுள்ள சென்னைத் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். 1912-இல் அங்கு மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராய்ச் சேர்ந்தார் சீனிவாச இராமானுஜன். கல்லூரித் தேர்வில் தவறியவர், வறியவர். 1913 ஜனவரி 16-இல் தம் தேற்றங்களை எழுதிக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் விடுத்தார். அவருக்குத் துணை நின்றோரையும் நாம் மறத்தலாகாது. மேலதிகாரி நாராயண ஐயர் அவர் திறனை உணர்ந்தார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்காகப் பரிந்து பேசினார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17-இல் இராமானுஜன் கப்பலேறினார்.

அவருக்கும் வறுமை இருந்தது. ஆயினும் அலுவலகப் படியேறச் சாதி தடையாய் நிற்கவில்லை. அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒருவரின் மகனிடம் அத்தகைய குறிப்பேடு இருந்திருந்தால், அதைப் புரட்டிப் பார்த்திருப்பவர் யார்?

வங்கத்தில் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட குலத்தில், சிறு கடைக்காரர் மகனாய் 1893-இல் பிறந்தவர் மேகநாத் சாஹா. கல்கத்தா ஈடன் இந்து விடுதியில் உயர்சாதி மாணவர் சிலர் அவரோடு உடனுண்ண மறுத்தனர். அவரோ தளரவில்லை. பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று பௌலரின் ஆய்வுக்கூடத்திலும், பின்னர் பெர்லினில் நெர்ன்ஸ்டின் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார். விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறிய வழிகாட்டிய அவருடைய சமன்பாடு 1920-இல் வெளிவந்தது. 1927-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

அண்ணல் அம்பேத்கரும் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையாலேயே கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். மன்னர் மனமிரங்கினால்தான் வழி என்ற நிலை மாற, தாழ்த்தப்பட்டோர்க்கான அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தை மத்திய அரசு 1954-55-இல் தொடங்கியது. அயல்நாடு சென்று திரும்பும் விஞ்ஞானிகளுக்குத் தற்காலிக இடமளிக்க 1958-இல் விஞ்ஞானிகள் தொகுப்புத் திட்டம் பிறந்தது.

இன்று அறிவிப்புகள் எல்லார்க்கும் பொதுவாய் வெளிவருகின்றன. ஆனால் தேசிய மேலாராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்போர், வழிகாட்டும் விஞ்ஞானி ஒருவரைத் தாமே தேடி, அவரது இசைவையும் தம் ஆய்வுத் திட்டத்தையும் இணைத்தல் வேண்டும். எனவே, கடிதம் எழுதும் பழக்கமும், பேராசிரியர்களின் பரிந்துரையும், முன்னே சென்றவரின் அறிவுரையும் இன்றும் இன்றியமையாதன. இவை மற்றவர்க்கு உற்றார் உறவினர் வாயிலாக எளிதில் கிட்டுகின்றன. நமக்கு நாமே அமைத்துக்கொள்ள வேண்டியனவாக உள்ளன.

இளைஞர்களே! முனைவர் பட்டம் முடியும்வரை காத்திராதீர்கள். ஓராண்டுக்கு முன்பே, நீங்கள் விரும்பும் துறையின் கட்டுரைகளைப் படித்து, அவற்றை எழுதியோர்க்கு உங்கள் ஆய்வைச் சுருக்கி எழுதுங்கள். பதில் வரவில்லையெனில் மற்றொருவர்க்கு எழுதுங்கள். முன்னேறிய உறுப்பினர்களே! அவர்தம் கடிதத்தைத் திருத்தித் தருவதும், அறிந்தவரிடம் அறிமுகம் செய்வதும் உங்கள் கடன். அன்று ஒரு நாராயண ஐயர் ஓர் எழுத்தருக்குச் செய்ததை, நம் பிள்ளைகள் அனைவர்க்கும் இக்கழகம் செய்யுமாயின், அதுவே வெள்ளி விழாவின் பெரும்பயனாகும்.