காந்த ஊசி சொன்ன சேதி



வெப்பநிலை அளவையால் நாம் அறிந்த சுவீடன் அறிஞர் ஆண்டர்ஸ் செல்சியஸுக்குத் துருவ ஒளியின் வரலாற்றிலும் இடமுண்டு. 1741-இல் உப்சாலா நகரில் அவரும் ஓலோஃப் ஹியோர்ட்டரும் ஒரு காந்த ஊசியைத் தொடர்ந்து கண்காணித்தனர். ஓராண்டில் 6,000-க்கும் மேற்பட்ட அளவீடுகளை ஹியோர்ட்டர் குறித்து வைத்தார். வானில் துருவ ஒளி தோன்றிய வேளைகளில் ஊசியும் நிலைகொள்ளாமல் அசைந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் லண்டனில் ஜார்ஜ் கிரஹாமின் ஊசியும் உடன் அலைந்தது. அக்கலக்கம் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று எனத் தெளிவாயிற்று.

காரணம் அன்று எவருக்கும் விளங்கவில்லை. கதிரவனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களே புவியின் காந்தப்புலத்தைக் கலக்குகின்றன என்பது பின்னாளில் அறியப்பட்டது. 1949-இல் ஜெர்மானிய அறிஞர் ஜூலியஸ் பார்ட்டெல்ஸ், பல நாட்டு ஆய்வகங்களின் அளவீடுகளைத் திரட்டி, 3 மணி நேரத்திற்கு ஒருமுறை 0 முதல் 9 வரை மதிப்பிடும் ‘கேபி’ குறியீட்டை வகுத்தார். எண் உயர உயர, துருவ ஒளி வளையம் விரிந்து நிலநடுக்கோட்டை நோக்கி இறங்கும். இவ்வெண்ணை முன்கூட்டிக் கணித்தே, ஒளி எவ்விடம்வரை தெரியும் என இன்று அறிவிக்கின்றனர். 2024 மே 10, 11-இல் அது 9-ஐத் தொட்டபோது, லடாக்கின் ஹான்லேயிலும் வானம் சிவந்தது.

பயன் இன்னதென்று அறியாமலே ஒருவர் பொறுமையுடன் எழுதிய குறிப்பேடு இதற்கு வித்தாயிற்று. நம் மாணவர் அறிவியல் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதும் சிறு அளவீட்டையும் எளிதாக எண்ணாதிருப்போமாக.