தெலுங்கு – ஜார்ஜிய மொழி ஒப்பீடு

தெலுங்கு திராவிட மொழிக்குடும்பத்தின் தென்நடுக் கிளையைச் சேர்ந்தது. ஜார்ஜிய மொழி காக்கசஸ் மலைத்தொடரின் தென்புறத்தில் வழங்கும் கார்த்வெலியக் குடும்பத்தில் முதன்மையானது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 8.11 கோடிப் பேருக்குத் தெலுங்கு தாய்மொழி. ஜார்ஜிய மொழியைப் பேசுவோர் சுமார் 40 இலட்சம். இவற்றுக்கிடையே மரபுவழி உறவு எதுவும் நிறுவப்படவில்லை என்றாலும், சொற்றொடர் அமைப்பில் காணப்படும் சில ஒற்றுமைகள் இவ்விரு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டுகின்றன.

தமிழகத்தில் இவ்வொப்பீட்டுக்கு மிக ஏற்ற களம், வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் மக்கள் நிறைந்த தென்மாவட்டங்களாகும். இராசபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டி ஆகியவை அடங்கிய வட்டாரத்தில், விசயநகர, நாயக்கர் காலங்களில் வந்து குடியேறிய ராஜுக்கள் முதலிய சமூகத்தாரின் வழித்தோன்றல்கள் இன்றும் இவ்விருமொழி வழக்கைக் கைவிடவில்லை. கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'ஆமுக்தமால்யதா' என்னும் தெலுங்குக் காவியத்தின் கதைக்களமே ஆண்டாளும் பெரியாழ்வாரும் வாழ்ந்த திருவில்லிபுத்தூர்தான். இத்தகைய இருமொழியாளர் ஜார்ஜிய மொழியைக் கற்க நேர்ந்தால், அதன் எந்தப் பகுதி பழகியதாகத் தோன்றும், எது முற்றிலும் அந்நியமாகப்படும் என்பதைக் கீழ்வரும் செய்திகள் காட்டும்.

தமிழ், தெலுங்கு, ஜார்ஜியம் ஆகிய மூன்று மொழிகளும் ஒட்டுநிலை மொழிகள். அதாவது, சொல்லின் அடியோடு உருபுகள் வரிசையாக ஒட்டிப் பொருள் விரிகிறது. 'வீடுகளில்' என்பதைத் தெலுங்கு 'இள்ளலோ' என்றும் ஜார்ஜியம் 'ஸஹ்லெப்ஷி' என்றும் கூறும். பின்னதில் 'எப்' பன்மையையும் 'ஷி' இடத்தையும் உணர்த்துகின்றன. பிறமொழிச் சொற்களை ஏற்கும் முறையிலும் ஒரு மேலோட்டமான ஒப்புமை உண்டு. தெலுங்கு 'பார்க்கு', 'பாங்கு' என உகரத்தைச் சேர்க்க, ஜார்ஜியம் 'பார்க்கி', 'பாங்கி' என இகரத்தைச் சேர்க்கிறது. ஆனால் தெலுங்கின் உகரம் தமிழின் குற்றியலுகரத்தைப் போல ஒலிப்புத் துணையாக வந்து 'பாங்குலோ' என்பதிலும் நிலைக்க, ஜார்ஜிய இகரமோ எழுவாய் வேற்றுமையின் உருபாதலால் 'பாங்க்ஷி' (பாங்கில்) என்றவுடன் மறைந்துவிடுகிறது.

இவற்றைவிட ஆழமான ஒற்றுமை, உடலும் உள்ளமும் உணர்வனவற்றைச் சொல்லும் முறையில் உள்ளது. 'எனக்குப் பசிக்கிறது' என்று தமிழும் 'நாக்கு ஆகலிகா உந்தி' என்று தெலுங்கும் பசிப்பவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்துவது போலவே ஜார்ஜியமும் நிறுத்துகிறது. பசி, தாகம், குளிர், அன்பு, உடைமை ஆகிய அனைத்தும் அங்கு இவ்வகையிலேயே சொல்லப்படும். உடைமையைக் குறிக்க உயிருள்ளவற்றுக்கு ஒரு வினையும் உயிரற்றவற்றுக்கு வேறொரு வினையும் உண்டு. மோட்டார்க் காரையும் ஜார்ஜியர் உயிருள்ளவற்றோடு சேர்த்துவிட்டனர். ஆயினும் 'எனக்கு' என்னும் பொருள் தனிச்சொல்லாக வரவேண்டிய கட்டாயம் அம்மொழியில் இல்லை. 'ம்ஷியா' என்ற ஒரே சொல்லின் முதலிலுள்ள மகரமே பசிப்பவர் யார் என்பதைச் சொல்லிவிடும்.

வேறுபாடும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. தெலுங்கு வினை எழுவாயை மட்டும் தன் இறுதியில் காட்டும். ஜார்ஜிய வினையோ செயப்படுபொருளையும் தன்னுள் அடக்கும். 'நின்னு சூஸ்தானு' (உன்னைப் பார்க்கிறேன்), 'நன்னு சூஸ்தாவு' (என்னைப் பார்க்கிறாய்) என்று தெலுங்கு இருசொற்களில் கூறுவதை ஜார்ஜியம் 'க்ஹெதவ்', 'ம்ஹெதவ்' என முன்னொட்டை மட்டும் மாற்றி முடித்துக்கொள்ளும். வினையின் காலத்துக்கேற்ப எழுவாயின் உருபும் மாறுவது தமிழருக்குப் பெருவியப்பளிக்கும். மனிதன் கடிதம் 'எழுதுகிறான்' எனில் அவன் 'கத்ஸி'. 'எழுதினான்' எனில் 'கத்ஸ்மா'. 'எழுதியிருக்கிறானாம்' என்று நேரில் காணாததைச் சொல்கையில் நான்காம் வேற்றுமை ஏற்று 'கத்ஸ்ஸ்'. தெலுங்கில் எக்காலத்திலும் எழுவாய் உருபின்றியே நிற்கும்.

பால் பகுப்பில் தெலுங்கு, தமிழுக்கும் ஜார்ஜியத்துக்கும் இடைப்பட்டது. தமிழ் 'வந்தான், வந்தாள், வந்தது' என்று மூன்றாகப் பிரிப்பதைத் தெலுங்கு இரண்டாகச் சுருக்கி, பெண்ணுக்கும் பசுவுக்கும் 'வச்சிந்தி' என்ற ஒரே முற்றினைத் தருகிறது; மரியாதைப் பன்மை அதன் கூர்மையைத் தணிக்கிறது. ஜார்ஜியத்தில் 'மோவிதா' என்பதே மூவருக்கும் பொது. 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு தெலுங்கில் 'மனமு', 'மேமு' என நிலைத்திருக்க, ஜார்ஜியத்தில் அது இல்லை. அதன் உறவுமொழியான ஸ்வானில் உண்டு. எண்ணுமுறையில் ஜார்ஜியம் இருபதை அடிப்படையாகக் கொள்வதால், 99 என்பது 'நான்கு இருபதும் பத்தொன்பதும்' ஆகிறது.

ஒலியமைப்பில் ஒற்றுமை மிகக் குறைவு. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றும். ஜார்ஜியத்தில் ஐந்து உயிர்களே உள்ளன, நெடில் இல்லை. ஆனால் மெய்கள் பல அடுக்கி வரும். 'நீ எங்களைத் தோலுரிக்கிறாய்' எனப் பொருள்படும் 'க்வ்ப்ர்த்ஸ்க்வ்னி' என்ற சொல்லில் முதல் உயிருக்கு முன் எட்டு மெய்கள் நிற்கின்றன.

தமிழுக்கும் தெலுங்குக்கும் உள்ள உறவை ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இல் எடுத்துக்காட்டியது தனித்தனிச் சொல்லொலிகளின் தற்செயல் ஒப்புமையைக் கொண்டன்று. மூன்று–மூடு, நான்கு–நாலுகு, ஐந்து–ஐது என்று அடிப்படைச் சொற்கள் வரிசையாக ஒத்துவருவதே குடும்ப உறவின் அடையாளம். ஜார்ஜியத்தின் 'ஸமி, ஒத்ஹி, ஹுதி' இவ்வரிசையில் அடங்கா. ஜார்ஜியத்தில் 'மாமா' என்றால் தந்தை என்பது சுவையான செய்தியே தவிரச் சான்றன்று. 1960களில் மொழியியலாளர் இல்லிச்–ஸ்விதிச் முன்வைத்த நாஸ்திராதிக் கருதுகோள் திராவிடத்தையும் கார்த்வெலியத்தையும் ஒரு பெருங்குடும்பத்தில் சேர்த்தது. மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

இரு மொழிகளின் எழுத்துகளும் வளைந்து உருண்டிருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததெனக் கருதுவதும் பிழை. தெலுங்கு எழுத்து பிராமி வழிவந்தது. உயிர்க்குறிகள் மெய்யெழுத்தோடு இணையும். 33 எழுத்துகள் கொண்ட ஜார்ஜிய நெடுங்கணக்கில் உயிரும் மெய்யும் தனித்தனியே நிற்க, அதன் வரிசை கிரேக்கத்தை ஒட்டியது. ஜார்ஜியத்தின் பொல்னிசி தேவாலயக் கல்வெட்டு கி.பி. 494ஐச் சார்ந்தது, தெலுங்கின் தொன்மையான கலமல்லக் கல்வெட்டு 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியது.

அரசியல் நிலையில் இரண்டும் மக்கள் எழுச்சியைக் கண்டவை. பொட்டி ஸ்ரீராமுலு தெலுங்கர்க்குத் தனி மாநிலம் கோரி உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பரில் உயிர்நீத்ததை அடுத்து 1953இல் ஆந்திர மாநிலம் உருவானது. ஜார்ஜியத்தின் ஆட்சிமொழித் தகுதியை நீக்க முயன்ற புதிய அரசியலமைப்பு வரைவை எதிர்த்து 1978 ஏப்ரல் 14 அன்று திபிலிசியில் மக்கள் திரண்டதால் அத்தகுதி நிலைத்தது. இராசபாளையம் வட்டாரத் தெலுங்குக்கு அத்தகைய அரசுரிமை கிடையாது. தெலுங்கு எழுத்தை அறியாத பலர் தம் வீட்டுமொழியை எழுத நேர்ந்தால் தமிழ் எழுத்தையே நாடுவர். அதில் ஒவ்வொரு வல்லினத்தின் ஒலிப்பு வேறுபாடுகளும் ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடும்.