லயத்து வானொலிப் பெட்டி

ஒரு பொருளின் விலையை விற்பவர் சொல்லுவார். அதன் மதிப்பை அதனோடு வாழ்ந்தவரே சொல்ல வல்லவர். ஓசை இனிமை, உருவ அழகு, புதிய பொறிநுட்பம் ஆகியவற்றை எடுத்துக்கூறி விற்பனையாளர் ஒரு வானொலிப் பெட்டியைப் புகழ்வார். ஆனால் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மலிவான பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தவர், அதனை வேறு அளவுகோல்களால் அளந்தார். அந்த அளவுகோல்களுக்குள் ஒரு சமுதாயத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது.

அப்பெட்டியின் மதிப்பை உணர வேண்டுமானால், அது வருவதற்கு முன் தோட்டங்களில் எத்தகைய ஓசைகள் கேட்டன என்பதை முதலில் அறிய வேண்டும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிக நோக்கில் பயிரிடத் தொடங்கினார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1884இல் புகைவண்டி ஹட்டனை எட்டியது. மறு ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வந்த மக்கள் லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராக்கள் வரிசையாக நிற்க, ஒரே கூரை அவையனைத்தையும் மூடியிருக்கும். ஒரு காம்பராவில் குழந்தை அழுதால் அடுத்த காம்பராவில் தாய்மார் விழித்துக்கொள்வர்.

அந்த லயத்தை விடியுமுன் எழுப்பியது பிரட்டுத் தப்பு. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு வருமாறு அது அழைத்தது. மாசி மாதத்துக் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவை மக்கள் தமக்கெனப் பேணிய கலைகளே. எனினும் அவை விழாக்காலத்துக்கு உரியவை. நாள்தோறும் எல்லார் செவியிலும் தவறாது விழுந்தது வேலைக்கு அழைக்கும் ஓசையே. அதனை வேண்டாமென்று நிறுத்தும் உரிமை லயத்தில் எவருக்கும் இருக்கவில்லை.

கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் அதற்கு வழிகாட்டினார். 1949இல் அது இலங்கை வானொலி ஆயிற்று. மறு ஆண்டில் வர்த்தக ஒலிபரப்பும் தோன்றியது. எனினும், கொழும்பில் எழுந்த குரல் லயத்துக்குள் நுழைவதற்கு இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று விலை, மற்றொன்று மின்சாரம்.

அந்நாளைய பெட்டிகள் வால்வுகளால் இயங்கின. மின்சாரம் இல்லாத இடத்தில், வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பற்றரியும், அதனை இயக்கத் தொண்ணூறு வோல்ற் அளவுள்ள பெரிய பற்றரியும் வேண்டியிருந்தன. கூரைக்கு மேலே கம்பி கட்ட வேண்டும். நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு இவையெல்லாம் கைக்கெட்டாப் பொருள்கள். ஆகவே துரை பங்களாவிலும், பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை வீடுகளிலும், நகரத்துக் கடைகளிலுமே வானொலி ஒலித்தது.

இதில் ஒரு முரண்பாட்டையும் காணலாம். நாட்டுக்கு மின்னொளி தந்த நீர் இம்மலைகளின் நீரே. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே மலைநாட்டு ஆறுகளின் ஆற்றலை எடுத்துக்காட்டினார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் ஹட்டனுக்கு அருகே காசல்ரீ நீர்த்தேக்கம் அமைந்தது. அங்கிருந்து மின்கம்பிகள் மேற்குக் கரையை நோக்கிச் சென்றன. அக்கம்பிகளின் அடியில் கொழுந்து பறித்தவர்கள், இரவில் லயத்துக்குத் திரும்பி மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினார்கள்.

ஏழைக்கு ஏற்ற பெட்டி எது என்னும் வினா இலங்கைக்கு மட்டும் உரியதன்று. ஆபிரிக்காவில், அந்நாளில் வடரொடீசியா எனப்பட்ட சாம்பியாவில், ஹரி பிராங்கிளின் என்னும் அதிகாரி இதற்கு விடை தேடினார். அவருடைய முயற்சியால் 1949இல் ஒரு மலிவான பற்றரி வானொலி விற்பனைக்கு வந்தது. சமையல் பாத்திர உருவில் வட்டமான அலுமினியக் கூடு அமைத்து, அதற்கு நீலவண்ணம் பூசியிருந்தனர். விலை ஐந்து பவுண். ‘சோஸ்பான் ஸ்பெஷல்’ என்று பெயர்பெற்ற அந்தப் பெட்டியை வாங்கியவர்கள் லுசாக்கா வானொலி நிலையத்துக்குக் கடிதங்கள் எழுதிக் குவித்தனர். மலிவான கருவியைப் பெற்ற மனிதன் அதனைக் கேட்பதோடு நின்றுவிடுவதில்லை. தன் கருத்தையும் சொல்லத் தொடங்குகிறான் என்பதற்கு அக்கடிதங்கள் சான்று.

மலைநாட்டுக்கு அத்தகைய மாற்றத்தைக் கொண்டுவந்தது டிரான்சிஸ்டர். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அது பிறந்தது. 1954இல் சட்டைப் பையில் அடங்கும் முதல் டிரான்சிஸ்டர் வானொலி ஐம்பது டொலருக்கு ஐந்து சதம் குறைவாக விற்பனைக்கு வந்தது. பின்னர் யப்பானியப் பெட்டிகள் உலகெங்கும் பரவ, விலை மேலும் இறங்கியது. கைவிளக்குக்குப் போடும் சிறு பற்றரிகளே அதற்குப் போதும். மின்கம்பி எட்டாத லயத்தின் இஸ்தோப்பிலும் வானொலி ஒலிக்கலாயிற்று.

இப்பெட்டியை வைத்திருந்தவரின் மதிப்பீடு எவ்வாறு இருந்தது? முதற் கேள்வி, பற்றரி எத்தனை நாள் தாங்கும் என்பது. ஒலியைக் கூட்டினால் பற்றரி விரைவில் தீரும். குறைத்தால் பக்கத்துக் காம்பராவினர் கேட்க முடியாது. தீர்ந்த பற்றரியை வெயிலில் வைத்துச் சற்று உயிரூட்டிப் பார்ப்பதும் உண்டு. இரண்டாவது கேள்வி, மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் நிலையம் எடுக்குமா என்பது. பெட்டிக்குள் இருக்கும் காந்தத் தண்டு அலை வரும் திசைக்கு ஏற்ப நின்றால்தான் குரல் தெளியும். ஆகவே பெட்டியை மெல்லத் திருப்பித் திருப்பி அதற்குரிய இடத்தைக் கண்டுபிடிப்பர். கண்ட இடத்திலிருந்து எவரையும் நகர்த்த விடார். மூன்றாவது, ஈரம். மே மாதம் முதல் தென்மேற்குப் பருவமழை பொழியும் டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கங்களில் ஈரக்காற்று பெட்டியின் உள்ளுறுப்புகளைக் கெடுத்துவிடும். நான்காவது, திருச்சி எடுக்குமா என்பது. 1939இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி நிலையத்தின் குரல் கடல் கடந்து இலங்கையிலும் கேட்டது. பாட்டன் விட்டுவந்த ஊரின் பேச்சைப் பேரன் லயத்திலிருந்து கேட்க முடிந்தது. ஓசையின் இனிமையைப் பற்றிய பேச்சு இவற்றுக்கெல்லாம் பின்னரே வரும்.

பெட்டிக்கு உரியவர் ஒருவர். கேட்பவர் ஒரு லயத்தார். சுவர் ஓசையைத் தடுக்காத அவ்விடத்தில், பாட்டும் நாடகமும் செய்தியும் எல்லார்க்கும் பொதுவாயின. பற்றரி வாங்கப் பணம் கொடுத்தவர் ஒருவரேயாயினும், எந்த நிலையத்தை வைப்பது என்பதில் பலருக்கும் கருத்து இருந்தது.

அப்பெட்டி பாட்டை மட்டும் கொண்டுவரவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிக்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். ஓர் இலட்சம், ஐந்து இலட்சம் என்று வானொலிச் செய்தியில் ஒலித்த எண்களுக்குள் தம் பெயர் எந்தக் கணக்கில் சேரும் என்பதை அறியாதவர்களே அதனைக் கேட்டுக்கொண்டிருந்தனர். பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்த ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவராகும் நிலையும் நேர்ந்தது.

பலர் தலைமன்னாரில் கப்பலேறினர். தாயகம் திரும்பியோருக்கு வேலையளிக்கும் பொருட்டு, தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு அக்காலத்தில் தமிழகத்திலும் விரும்பிக் கேட்கப்பட்டது. ஹட்டனில் இருந்தபோது திருச்சியைத் தேடிய முள், கூடலூரில் குடியேறிய பின் கொழும்பைத் தேடிற்று. விட்டுவந்த ஊரின் குரலுக்கு ஏங்கும் மனத்தை எந்த ஒப்பந்தமும் கணக்கெடுப்பதில்லை.

1970க்குப் பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் ‘யுனிக்’ என்னும் பெயரில் இந்நாட்டிலேயே வானொலிகளைப் பொருத்தி விற்றது. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்ததும் ஒலிநாடாப் பெட்டிகள் வந்தன. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது, நுவரெலியாவுக்கு மேலே 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகால மலையுச்சியில் அதன் அலைபரப்பி நின்றது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றவர் என்னும் பெயரை நீக்கின. லயங்களிலும் படிப்படியாக மின்சாரம் வந்தது.

இன்று, கேட்பவரைச் சுற்றி ஐந்து ஒலிபெருக்கிகளையும் அடித்தொனிக்கென ஒரு தனிப்பெட்டியையும் வைத்து ஒலிக்கும் ‘ஹோம் தியேட்டர்’ மலிவு விலையில் சிறு நகரங்களிலும் கிடைக்கிறது. அது தனியறைக்கென அமைந்த கருவி. இன்னும் லயக் காம்பராவில் வாழும் பல குடும்பங்களுக்குத் தனியறை வாய்க்கவில்லை. பத்தடி அறையில் அதன் முழு ஆற்றலையும் எழுப்பினால், படம் பார்ப்பது ஒரு வீடு. அதிர்வது லயம் முழுவதும். நல்ல பெட்டி எதுவென்று கேட்குமுன், அதனைக் கேட்கத் தகுந்த வீடு எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அன்றைய மலிவுப் பெட்டியின் குரல் கரகரத்தது, மழைநாளில் மங்கியது, பற்றரி தீர்ந்தால் நின்றது. ஆயினும், அதன் குமிழைத் திருகியது உழைப்பவரின் கை. தப்போசைக்கு எழுந்து பழகிய மக்கள், தாம் விரும்பும் குரலைத் தாமே அழைத்து, வேண்டாதபோது தாமே அணைத்தனர். நாட்கூலியில் மிச்சம்பிடித்து அப்பெட்டியை வாங்கியவர், தாம் கொடுத்த விலைக்கு அது தகும் என்று கருதியதில் வியப்பில்லை.