கொத்தனார் சிமெண்டும் பல்லின் வேரும்

வீடு கட்டும் சிமெண்டுக்கும் நம் வாயிலுள்ள பல்லுக்கும் உறவு உண்டென்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். எனினும் உண்மை அதுவே. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டு, சற்று உருமாறி, இன்று பல் மருத்துவரின் மேசைமீது சிறு பொட்டலமாக வீற்றிருக்கிறது.

பல்லின் நடுவே நரம்பும் குருதி நாளமும் உறையும் மெல்லிய கூழ் ஒன்று உண்டு. சொத்தை அதனை எட்டிவிட்டால் கூழ் அழுகும். அழுகல் வேர்நுனி வழியே தாடை எலும்பைச் சென்று பற்றும். முன்னாளில் இதற்குக் குறடு ஒன்றே மருந்து. பல்லைக் காக்க விரும்பும் மருத்துவரோ வேரின் குழலைத் துப்புரவு செய்து அடைக்கிறார். அதுவும் பயன்படாதபோது ஈற்றைக் கீறி, வேரின் நுனியை வெட்டி, அப்புறத்திலிருந்து அடைப்பு வைக்கிறார். அங்கே குருதி ஊறிக்கொண்டே இருக்கும். நெடுங்காலம் கையாண்ட பாதரசக் கலவையும், கிராம்புத் தைலம் கலந்த துத்தநாகப் பசையும் அந்த ஈரத்தில் நன்கு ஒட்டாமல் கசிந்தன. மயிரிழை இடைவெளி போதும், கிருமிகள் மீண்டும் குடியேறிவிடும்.

ஈரத்தைக் கண்டு அஞ்சாத பொருள் எது? தண்ணீர் பட்டால்தானே சிமெண்டு இறுகுகிறது! 1878இலேயே ஜெர்மனியில் விட்டே என்பவர் வேர்க்குழலை அடைக்கப் போர்ட்லண்டு சிமெண்டைப் பயன்படுத்தியதை எழுதி வைத்தார். ஏனோ அது நூறாண்டுக்கு மேல் எவர் கருத்தையும் கவரவில்லை.

கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் என்னும் பேராசிரியரும் அவருடைய துணைவர்களும் 1993 முதல் அதனை மீண்டும் சோதிக்கலாயினர். முக்கால் பங்கு போர்ட்லண்டு சிமெண்டு, ஐந்தில் ஒரு பங்கு பிஸ்மத் ஆக்சைடு, எஞ்சியது ஜிப்சம், இதுவே கலவை. எக்ஸ்ரே படத்தில் அடைப்புத் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றே பிஸ்மத் சேர்ந்தது. எம்.டி.ஏ. என்பது அதன் பெயர்.

சோதனைகளின் வரிசைதான் பாராட்டத்தக்கது. முதலில், பிடுங்கிய பற்களில் அடைப்பு வைத்துச் சாயத்தில் இட்டனர். மற்றப் பொருள்களைவிட இதில் சாயம் குறைவாகவே புகுந்தது. அடுத்து வெட்டிய வேர்நுனியில் குருதியைப் பூசிப் பார்த்தனர். அப்போதும் கசிவு மிகவில்லை. 1995இல் கிருமிகளையே ஏவினர். பழைய பொருள்களுள் பெரும்பாலானவை 6 முதல் 57 நாள்களுக்குள் கிருமிக்கு வழிவிட்டன, எம்.டி.ஏ. வைத்த வேர்களுள் பெரும்பாலானவை 90 நாளும் தாங்கின. 1997இல் குரங்குகளின் பற்களில் ஆய்ந்தபோது, ஆறு வேர்களுள் ஐந்தில் அடைப்பின் மேலேயே வேரின் இயற்கைப் போர்வை முழுமையாக வளர்ந்திருந்தது. பாதரசக் கலவை வைத்த வேர்களிலோ யாவற்றிலும் அழற்சி. உடல் தன்னுடையதென்று ஏற்றுக்கொண்ட அடைப்பு எனலாம்.

காரணம் எளிது. சிமெண்டு நீருடன் கூடும்போது சுண்ணாம்பு வெளிப்படுகிறது. மூன்று மணி நேரத்தில் அதன் காரநிலை 12.5 அளவை எட்டும். பெரும்பாலான கிருமிகளுக்கு அது நஞ்சு. வெளிப்படும் கால்சியம் உடல்நீரின் பாஸ்பேட்டுடன் இணைந்து, பல்லுக்கும் எலும்புக்கும் இனமான படிகமாகிறது.

1998இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இசைவு தந்தது. உடனே ஒரு வினாவும் எழுந்தது. ஒரு கிராமுக்கு இத்தனை விலையா? மூட்டைச் சிமெண்டையே வைத்தால் என்ன? 1999இல் இரண்டையும் ஒப்பிட்டவர்கள் ஏறத்தாழ ஒன்றே என்றும் கூறினர். ஏழை நோயாளியை எண்ணும்போது இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் கட்டடச் சிமெண்டில் ஆர்செனிக், ஈயம் முதலியவற்றின் அளவுக்கு உறுதி இல்லை; துகள்கள் பருமன்; எக்ஸ்ரேயிலும் தெளிவாகத் தோன்றாது. மூட்டையைப் பிரித்து வாயில் வைப்பதைச் சிக்கனமென்று நான் ஒப்பேன்.

எம்.டி.ஏ.யிலும் குறை இருந்தது. இறுக 2 மணி 45 நிமிடம் ஆகும்; பலர் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டு மறுமுறை வர நேர்ந்தது. பிஸ்மத்தால் முன்பற்கள் கருமை படிந்தன. 2009இல் பிரான்சு நாட்டு நிறுவனமொன்று வெளியிட்ட பயோடென்டின் என்னும் பொருளில், தூய முக்கால்சியம் சிலிக்கேட்டும் பிஸ்மத்துக்கு மாற்றாக ஜிர்கோனியம் ஆக்சைடும் இடம்பெற்றன. அது ஏறத்தாழ 12 நிமிடத்தில் இறுகுகிறது. நோயாளி நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதே வேலை முடிகிறது.